தோழியிடம் சொன்னது

அரசுப் பணத்தில் நடந்த கல்வி ஆய்வு என்றால், அதன் தரவு முழுவதும் ஓராண்டுக்குள் மக்கள் பார்வைக்கு வந்தாக வேண்டும். சட்டம் அவ்வளவுதான். நல்ல சட்டம். அதைக் கொண்டுவரப் போராடியவர்களில் ஒருவர் எங்கள் மேடம் பூங்கோதை. அந்தச் சட்டத்தால் ஒரு பெண் சாகப்போகிறாள் என்று வெள்ளிக்கிழமை காலை அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"யாரு?"

"பேர் தெரியாது மேடம். பேரை வெட்டினதே நாமதான்."

கோவையில் எங்கள் தரவு மையத்தில் எனக்குப் பதிவுகளைக் கேட்டு அடையாளங்களை வெட்டுகிற வேலை. என்ஜினியரிங்கை இரண்டாம் ஆண்டில் விட்டவனுக்கு அது போதும், காது இருந்தால் செய்துவிடலாம். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளின் மேசைமேல் 'தோழி' என்று ஒரு வட்டக் கருவி இருக்கும். டிபன் பாக்ஸ் மூடி அளவு. பிள்ளைகளோடு பேசும், பாடம் சொல்லித்தரும், கேள்வி கேட்கும். சில பள்ளிகளில் மட்டும் சோதனையாக வைத்து, இரண்டு வருடப் பேச்சை முழுவதும் பதிந்து, மேடம் தலைமையில் ஆராய்ந்தார்கள். அன்று மாலை ஐந்து மணிக்கு அந்தப் பேச்சு முழுவதும் தானாகத் திறந்துகொள்ளும். யாரும் படிக்கலாம், கேட்கலாம், தேடலாம். பிள்ளைகளின் பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் மென்பொருள் வெட்டிவிடும். குரலை மாற்றிவிடும். அது சந்தேகப்படுவது மட்டும் என்னைப் போன்றவர்களிடம் வரும். அந்தப் பெண்ணைப் பற்றிய பதிவில் அதற்குச் சந்தேகமே வரவில்லை. வேறொன்றைத் தேடும்போது தற்செயலாக என் காதில் விழுந்தது.

மேடம் மேசையில் அதைப் போட்டுக் காட்டினேன். பிடித்த இடத்தைப் பற்றிக் கட்டுரை. மாற்றப்பட்ட குரலில் ஒரு சின்னப் பெண் பேசினாள்.

"எங்கக்கா இப்ப வேற ஊர்ல இருக்கு. அண்ணாகூடச் சண்ட. அண்ணா அக்காவ வெட்டிப்போட்டுருவேன்னு சொல்லுச்சு. அதனால எங்க இருக்குன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"அருமையான தொடக்கம்!" என்றது தோழி. "நல்ல கட்டுரைக்கு விவரங்கள் முக்கியம். அக்கா வீட்டு ஜன்னல் வழியாக என்னவெல்லாம் தெரியும்?"

"மஞ்சள் கலர் தண்ணி டேங்க் தெரியும். அதுல பெரிய மீன் படம் போட்டிருக்கும். அந்தப் பக்கம் சர்ச் ஒண்ணு பாதி கட்டி வுட்டிருக்கு. எந்நேரமும் தறி ஓடும். கீழ பேக்கரி."

"மிக நன்று! எத்தனை படி ஏற வேண்டும்? கதவு என்ன நிறம்?"

பிள்ளை எல்லாவற்றையும் சொன்னது. பாராட்டப் பாராட்டச் சொன்னது.

மேடம் பதிவை நிறுத்தினார். "காதல் கல்யாணம். அண்ணன்காரன் தேடிட்டிருக்கான்."

"வேற என்ன."

அண்ணன் வெட்டுவேன் என்கிறான், அக்கா ஒளிந்திருக்கிறாள். நம் ஊரில் இதைக் கேட்டால் யாருக்கும் வேறு அர்த்தம் தோன்றாது.

"இந்த ஒண்ணை மட்டும் எடுத்துடலாமே மேடம்."

"முடியாது."

"நீங்கதானே தலைவர்?"

"அதனாலதான் முடியாது. ஆய்வு நடத்தறவங்க பிடிக்காததை எடுத்துட்டு மிச்சத்தைத்தான் காலங்காலமா வெளியிட்டாங்க. ஒண்ணுக்கும் உதவாத பாடமுறையை ஒரு தலைமுறைக்குச் சொல்லித்தந்தோம். உதவாதுன்னு காட்டின தரவு அலமாரில தூங்குச்சு. அதான், வெச்சா முழுசா வை, இல்லேன்னா முழுசா நிறுத்துன்னு எழுதினோம். அந்த வரியை எழுதினவளே நான்தான்."

"அப்ப முழுசா நிறுத்துங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் இன்னும் கொஞ்சம் படித்திருக்கலாம் என்று இருந்தது.

"நிறுத்தினா ஆறு மாசத்துக்குத் திறக்க முடியாது. திங்கக்கிழமை தோழியைச் செய்யற நூதனா கம்பெனிகூட அரசு ஒப்பந்தம் போடுது. எல்லாப் பள்ளிக்கும் தோழி. அறிக்கையில என் குழுவில மத்தவங்க சேர்ந்து என்ன எழுதினாங்க தெரியுமா? 'கலவையான பலன்கள்.' தரவைப் பார்த்தா கலவையும் இல்லை, ஒண்ணும் இல்லை. தோழிகூட இருந்த பிள்ளைங்க டீச்சர்கிட்ட கேள்வி கேக்கறதையே விட்டுட்டாங்க. வாசிப்பு கீழ போயிடுச்சு. பேச்சு மட்டும் வளந்திருக்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்கு அது வெளிய வந்தா, பத்திரிகைக்காரங்க ரெண்டு நாள்ல தோண்டி எடுத்துடுவாங்க. வரலேன்னா, மாநிலத்துல இருக்கற அத்தனை பிள்ளைங்க மேசையிலயும் இது உக்காந்து கதவு என்ன நிறம்னு கேக்கும்."

ஒருத்தி ஒரு தட்டில், லட்சம் பிள்ளைகள் மறு தட்டில். இப்படி நிறுத்துப் பார்ப்பதே எனக்குப் பிடிக்காது.

"ஒரு வழி இருக்கு," என்றார். "பெற்றோர் விலகல். அப்பாவோ அம்மாவோ கேட்டா, காரணம் சொல்லாமலே அவங்க பிள்ளையோட பதிவை எடுத்துடலாம். மிச்சத்தோட வெளியீடு நிக்காது. ஆனா விலகறதுக்கு முன்னாடி, கைரேகை வெச்சுப் பதிவைத் திறந்து பார்க்கிற உரிமை அவங்களுக்கு உண்டு."

"அண்ணன் வீட்ல இருந்தா?"

"அப்பாவைத் தனியாப் பிடிப்போம்."

யார் அந்தப் பிள்ளை என்று திறந்து பார்க்கிற சாவி மேடத்திடம் மட்டும் இருந்தது. திறந்தார். பெயர் நறுமுகை. நாலாம் வகுப்பு. ஊர் கோபி பக்கம் கரட்டுப்பாளையம். அப்பா பெயர் கௌதம், அம்மா பெயர் தர்ஷினி.

அலுவலகக் காரை நானே ஓட்டினேன்.

*

கௌதமுக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே. கிணற்று மோட்டார்கள் வயிறு திறந்து வரிசையாகக் கிடந்தன. வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. நாற்பது வயதுக்குள் இருக்கும். சுத்தமான சட்டை, சிரித்த முகம்.

"வாங்க, வாங்க. உக்காருங். டேய், ரெண்டு டீ சொல்லு. ஏனுங், பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"பிரச்சினை இல்லைங்க," என்றார் மேடம். "தோழின்னு வெச்சிருக்காங்கல்ல, அதுல பிள்ளைங்க பேசினது இன்னிக்கு எல்லாருக்கும் திறக்குது. உங்க பொண்ணு பேசினதுல ஒண்ணு மட்டும் வெளிய வராம இருந்தா நல்லதுன்னு எங்களுக்குத் தோணுது. குடும்ப விஷயம். நீங்க ஒரு கைரேகை வெச்சாப் போதும்."

"குடும்ப விஷயமா? என்ற பொண்ணு என்னங்க பேசுச்சு?" சிரிப்பு குறையவில்லை. "வாயாடிங்க அது. அதுகிட்ட எதையும் சொல்லி வெக்க முடியாது."

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா? பெரிய பையன்..."

"ஒரே புள்ளைதானுங்க."

நான் பதிவு இருந்த டேப்லெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டிருந்தேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே பிள்ளை என்றால் அண்ணன் யார்? பெரியப்பா மகனாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கணம்தான். அதற்குள் மதிய மணி அடித்து, எதிரே இருந்து ஒரு பெண் பிள்ளை ஓடிவந்தது. ரெட்டை ஜடை, சீருடையில் சாம்பார்க் கறை.

"அண்ணா, வூட்டுச் சாவி குடு. தண்ணி பாட்டில அங்கியே வெச்சுட்டு வந்துட்டேன்."

கௌதம் டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சட்டைப்பையிலிருந்து சாவியை நீட்டினார். "பாத்துப் போ சாமி. வண்டி வரும்."

பிள்ளை போய்விட்டது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"உங்களை அண்ணான்னா கூப்பிடுது?"

"ஆமாங்க." அவருக்கு அது சந்தோஷமான விஷயம் போல. "கூட்டுக் குடும்பம்ல. என்ற தம்பி, தங்கச்சியெல்லாம் அண்ணா அண்ணாங்கறதக் கேட்டு அப்படியே புடிச்சிக்கிச்சு. அவங்கம்மாவ அக்கான்னுதான் கூப்புடும்." கொஞ்சம் நிறுத்தினார். "கூப்புட்டுட்டு இருந்துச்சு."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

மென்பொருள் அக்கா என்றால் மூத்த சகோதரி என்று குறித்திருந்தது. நாங்களும் அதே குறிப்பைத்தான் தலைக்குள் எழுதிக்கொண்டோம். கணினியை மட்டும் குறை சொல்ல முடியாது. என் பெரியம்மா மகனே அவன் அம்மாவை இன்றைக்கும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.

மேடத்தின் முகம் வெளுத்தது. ஆனால் குரல் தடுமாறவில்லை. "மன்னிக்கணும், எங்க தப்பு. வேற பிள்ளையோட பதிவை உங்களுதுன்னு கொண்டுவந்துட்டோம் போலிருக்கு. சஞ்சய், அதை வாங்கிக்க."

கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இதுல நறுமுகைன்னு போட்டிருக்குதுங்களே."

"கைரேகை வெச்சாத்தான் திறக்கும். வெக்க வேண்டாம்."

"பாக்கறது என்ற உரிமைன்னு இங்கியே எழுதியிருக்குதுங்." திரையின் மேல் மூலையைக் காட்டினார். அந்த வரியும் மேடம் எழுதியதாகத்தான் இருக்கும். "எம்பொண்ணு பேசுனத நான் பாக்கக் கூடாதுங்களா?"

இப்போதும் சிரித்தார். கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தார். கட்டைவிரல் நிறைய வார்னிஷ் பிசுக்கு. ஒருமுறை வைத்தார், ஏற்கவில்லை. மறுபடி துடைத்தார்.

காயில்களை முக்கி எடுக்கிற வார்னிஷ் தொட்டி என் முழங்கைக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது. நான் யோசிக்கவில்லை. எழுந்து டேப்லெட்டை அவர் கையிலிருந்து தட்டிவிட்டேன். அது சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

"ஐயோ, கை பட்டிருச்சுங்க," என்றேன்.

கௌதம் தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னை. சிரிப்பு அப்போதுதான் போனது. அது போன பிறகு இருந்த முகத்தை நான் விவரிக்க மாட்டேன்.

"வேணும்னே போட்டீங்க."

"இல்லைங்க."

"சரி வுடுங்." பெஞ்சில் உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருந்த டீயை அவரே எடுத்தார். "அஞ்சு மணிக்கு ஊருக்கே தெறக்குறீங்கல்ல? அப்பப் பாத்துக்கறேன்."

*

ஊர் எல்லை தாண்டியதும் மேடம் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்று போனில் விலகல் விதியைத் திறந்து வரிவரியாகப் படித்தார்.

"இப்ப நிறுத்திடுவீங்கல்ல?" என்றேன்.

"அம்மாவும் பெற்றோர்தான்."

"என்ன?"

"விலகலுக்கு அப்பா கைரேகைதான் வேணும்னு இல்லை. அம்மா வெச்சாலும் செல்லும்."

"அவங்க எங்க இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. அவருக்கும்.

"நாலரைக்குள்ள கிடைக்கலேன்னா நிறுத்திடறேன். சத்தியமா," என்றார்.

போனில் சாதாரணத் தேடுபொறியைத் திறந்து, பிள்ளை சொன்னதை அப்படியே போட்டேன். மஞ்சள் தண்ணீர்த் தொட்டி, மீன் படம், பாதி கட்டிய சர்ச், தறி, பேக்கரி. நாலைந்து ஊர் காட்டும், சுற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஒரே ஒரு தெருவைக் காட்டியது. பள்ளிபாளையம். பேக்கரியின் பெயர்ப்பலகைகூடப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"அவனுக்கும் இதே நேரம்தான் ஆகும்," என்றார் மேடம்.



*

இரண்டாவது மாடி. பச்சைக் கதவு. பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருந்தது. தட்டியதும் உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"தர்ஷினி, நாங்க கோயம்புத்தூர்லேர்ந்து வர்றோம்," என்று மேடம் கதவோடு பேசினார். "நறுமுகை ஸ்கூல் விஷயமா."

"அப்படி யாரும் இங்க இல்ல. போங்க."

"அவ பேசினதை வெச்சுத்தான் இந்த வீட்டைக் கண்டுபிடிச்சோம். அஞ்சு மணிக்கு அவரும் கண்டுபிடிப்பாரு. தயவுசெஞ்சு திறம்மா."

சங்கிலி விலகும் சத்தம். கையில் துணி வெட்டுகிற கத்தரியோடு நின்றாள். முப்பத்தைந்துகூட ஆகாது. தாடையில் பழைய தழும்பு.

"அவரு அனுப்பிச்சாரா?"

"இல்லை. அவர்கிட்டேர்ந்துதான் ஓடி வர்றோம்," என்றேன்.

அதைக் கேட்டதும் உள்ளே விட்டாள். ஒரே அறை. ஜன்னலில் மஞ்சள் தொட்டி, மீன். மேடம் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, கடையில் நாங்கள் செய்த தப்பையும் சேர்த்து. தர்ஷினி கடைசிவரை கேட்டாள்.

"என்ற தம்பி அவள ரெண்டே தடவ கூட்டிட்டு வந்தான். கோயிலுக்குன்னு சொல்லி. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனேன்."

"அவ யார்கிட்டயும் சொல்லலை," என்றார் மேடம். "தோழியை ஒரு ஆளா நினைக்கலை போல."

"ஆளாத்தான் நெனச்சிருப்பா. எங்கிட்டயே சொன்னா, தோழி ரொம்ப நல்லவ, நான் என்ன சொன்னாலும் கேப்பான்னு."

என் போனில் பதிவின் எழுத்து வடிவத்தைத் திறந்து கொடுத்தேன். அவள் படிக்கவில்லை. "அவ கொரல்ல கேக்க முடியுமா?"

பெற்றோர் கைரேகை வைத்தால் மாற்றாத குரலும் வரும். வைத்தாள். சாவி கேட்ட அதே குரல் அந்த அறைக்குள் வந்தது. டேங்க், மீன், சர்ச். படிகள். கதவு. கடைசியாக, நாங்கள் காலையில் கேட்காமல் நிறுத்திவிட்ட பகுதி. "அக்கா சமைச்சா உப்பு சாஸ்தி. ஆனா அங்க யாரும் கத்த மாட்டாங்க. அதான் எனக்குப் புடிச்ச எடம்."

"மிகச் சிறப்பு!" என்றது தோழி. "பத்துக்கு ஒன்பது. இன்னும் விவரம் சேர்த்தால் பத்து!"

தர்ஷினி போனை மடியில் வைத்துக்கொண்டாள். மணி நாலைத் தாண்டிவிட்டது.

"அழிச்சா மொத்தமா போயிருமா? இந்தக் கொரலும்?"

"சட்டப்படி எங்கயும் பிரதி இருக்கக் கூடாது," என்றார் மேடம்.

"இன்னொருக்காக் கேக்கலாமா?"

"ஒரு தடவைதான்மா விடும்."

தலையாட்டினாள். விலகல் என்று எழுதியிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். திரையில் பச்சை வளையம் ஒருமுறை சுற்றியது. முடிந்தது. மேடம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் வென்றுவிட்டார். ஐந்து மணிக்கு எல்லாம் வெளியே வரும், இந்த ஒன்று மட்டும் வராது.

கண்ணைத் திறந்தபோது தர்ஷினி அடுப்பிலிருந்து கேஸ் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே? அதான் எடுத்தாச்சே."

"அஞ்சு மணிக்கு அவரு தேடுவாரு. இருக்காது. இல்லேன்னாலே அவருக்குப் புரிஞ்சிரும். அவளக் கூப்புட்டு உக்கார வெச்சு, மிட்டாய் குடுத்துக் கேப்பாரு. அடிக்க மாட்டாரு, அவள மட்டும் அடிச்சதில்ல. கேட்டாச் சொல்லிருவா. ஒம்பது வயசுங்க."



"வேற எடம் போனதும் பிள்ளைக்கு எப்படித் தெரியப்படுத்துவீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியப்படுத்த மாட்டேன்." சிலிண்டரைக் கதவுப் பக்கம் உருட்டினாள். "அந்தக் கருவி இன்னும் அவ மேசமேலதான இருக்கு. உங்க வண்டில தையல் மெஷின் ஏறுமா?"

ஏறியது. பின்சீட்டை மடக்கி, மெஷினைப் படுக்க வைத்து, சிலிண்டரைக் கயிற்றால் கட்டினேன். இரண்டு பைத் துணி. ஒரு குக்கர். அவ்வளவுதான் வீடு. பேக்கரிக்காரர் வெளியே வந்து, "என்னம்மா, காலி பண்றியா?" என்றார். "ஊருக்குப் போறேங்ணா," என்றாள்.

நான் கயிற்றின் கடைசி முடிச்சைப் போடும்போது மேடத்தின் போன் முதலில் ஒருமுறை ஒலித்தது. பிறகு விடாமல் ஒலித்தது. தரவு திறந்துவிட்டது. சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. ஒரு பத்திரிகைக்காரர் அதற்குள் முதல் கேள்வியை அனுப்பியிருந்தார். வருடக்கணக்காக மேடம் காத்திருந்த சத்தம். அவர் திரையைப் பார்த்தார், பதில் எழுதவில்லை.

தர்ஷினி முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மேடம் பின்னால் தையல் மெஷின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

"எங்க போகணும்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி, மேடம் கையில் ஒளிர்ந்துகொண்டிருந்த போனைப் பார்த்தாள். பிறகு டாஷ்போர்டில் இருந்த என் போனை.

"மொதல்ல ரெண்டையும் அணைங்க. அப்புறம் சொல்றேன்."

மேடம்தான் முதலில் அணைத்தார்.